ஓட்டக் கடிகாரமும் தூரக் கணிப்பும்

காலத்தைக் காட்டுதற்கென்றே அமைந்த கைக்கடிகாரம் இக்காலத்தில் தூரத்தையும் காட்டும் கருவியாகிவிட்டது. உப்புவெளிக் கடற்கரை மணலிலும், திருகோணமலையிலிருந்து நிலாவெளிக்குச் செல்லும் வீதியிலும் விடியற்பொழுதில் ஓடிப் பயில்வோர் அத்தகைய கடிகாரத்தை அணிந்திருத்தல் இன்று புதுமையன்று. ஓடி முடித்த கணமே, கடந்த தூரம் இவ்வளவு, ஒரு கிலோமீற்றருக்குச் சென்ற நேரம் இவ்வளவு, ஏறியிறங்கிய உயரம் இவ்வளவு என அது கணக்கு ஒப்புவிக்கின்றது. ஆயினும், ஒரே வழியில் அருகருகே ஓடிய இருவரின் கடிகாரங்களுள் ஒன்று 10.00 கிலோமீற்றர் என்றும் மற்றொன்று 10.14 கிலோமீற்றர் என்றும் கூறுதல் உண்டு. இவ்விரண்டனுள் எதனை மெய்யென்று கொள்வது?

இவ்வினா பொழுதுபோக்காக எழுவதொன்றன்று. இல்ல மெய்வல்லுநர் போட்டிகளையொட்டி வீதிவழியே மரதன் ஓட்டம் நடத்துதல் ஈழத்துத் தமிழ்ப் பாடசாலைகளில் நிலவும் வழக்கமாகும். அவ்வோட்டத்தின் பாதையைக் கடிகாரங் காட்டும் எண்ணை நம்பி வகுத்துவிட்டால், ஓராண்டின் பாதை மற்றோராண்டின் பாதையிலும் குறுகிவிடக்கூடும். அப்பொழுது புதிய சாதனையொன்று நிலைநாட்டப்பட்டதாக அறிவிக்கப்படின், அம்மாணவன் வென்றது முன்னவனின் கால்வலியையா, அன்றி அளவையிலே நேர்ந்த வழுவையா என்று துணிதல் அரிதாகும். ஆதலின், கடிகாரம் தூரத்தை எவ்வாறு அறிகின்றது, எவ்விடத்தில் தவறுகின்றது என்பவற்றை ஆராய்ந்து தெளிதல் வேண்டும்.

முதற்கண் உணரவேண்டியது ஒன்றுண்டு. ஓட்டக் கடிகாரம் தூரத்தை அளப்பதேயில்லை. அது அளப்பது காலத்தை. காலத்திலிருந்து இடத்தைக் கணிக்கின்றது. கணித்த இடங்களைக் கோடுகளால் இணைத்து அக்கோடுகளின் நீளங்களைக் கூட்டித் தூரம் என்று காட்டுகின்றது. இது பழைய நில அளவை முறைக்கு நேர்மாறானது. வில்லியம் லாம்டன் 1802ஆம் ஆண்டு சென்னைப் பரங்கிமலையை அடுத்த சமவெளியில் ஏறக்குறைய 12 கிலோமீற்றர் நீளமான அடிக்கோடொன்றை உருக்குச் சங்கிலியால் அளந்த பின்னரே, கோணங்களை அளந்து முக்கோணங்களாக இந்தியாவின் இடங்களை நிறுவத் தொடங்கினார். அங்கே நீளம் முன்னது, இடம் பின்னது. கடிகாரத்திலோ இடம் முன்னது, நீளம் பின்னது. இவ்வேறுபாட்டை மனத்திற் கொண்டால், கடிகாரத்தின் குறைபாடுகள் பலவும் எளிதில் விளங்கும்.

காலத்தால் இடத்தை அறியும் முறை திருகோணமலைக்குப் புதியதன்று. 1957ஆம் ஆண்டுவரை பிரித்தானியக் கடற்படையின் தளமாக விளங்கிய இத்துறைமுகத்திற்கு வந்த பாய்மரக் கப்பல்கள், நெடுங்கோட்டை அறிதற்கு நுண்மையான கடற்கடிகாரங்களைத் துணைக்கொண்டன. பூமி ஒரு செக்கனில் 15 விகலை அளவு சுழல்கின்றது. திருகோணமலை அமைந்துள்ள வட அகலக்கோடு எட்டரைப் பாகையளவில் அது ஏறக்குறைய 458 மீற்றர் ஆகும். எனவே, கப்பற்கடிகாரம் ஒரு செக்கன் பிழைப்பின், மாலுமி தன் இடத்தை அவ்வளவு தூரம் கிழக்கிலோ மேற்கிலோ பிறழக் கொள்வான். இன்றைய கைக்கடிகாரத்தின் கணக்கும் காலக் கணக்கே. ஆயின் அங்கே செக்கனுக்கு இருந்த இடத்தை இங்கே செக்கனின் நூறு கோடியில் ஒரு பங்கு பெற்றுவிட்டது.

இதன் இயக்கத்தைச் சுருங்கக் கூறலாம். ஜி.பி.எஸ். எனப்படும் அமெரிக்க இடங்காண் முறைமையின் முதற் செய்மதி 1978ஆம் ஆண்டு ஏவப்பட்டது. முறைமை முழுமை பெற்றது 1995ஆம் ஆண்டில். முப்பதளவான செய்மதிகள், ஏறத்தாழ 20,200 கிலோமீற்றர் உயரத்தில், ஆறு தளங்களிற் பூமியை வலம் வருகின்றன. அணுக்கடிகாரம் பூண்ட ஒவ்வொரு செய்மதியும், தான் இருக்கும் இடத்தையும் அலையை அனுப்பிய நேரத்தையும் வானொலி அலையால் இடையறாது அறிவிக்கின்றது. தலைக்கு மேலுள்ள செய்மதியிலிருந்து அவ்வலை கீழே வந்துசேர ஒரு செக்கனின் பதினைந்தில் ஒரு பங்கு செல்லும். அந்நேரத்தை ஒளியின் வேகத்தாற் பெருக்கினால் செய்மதிக்கும் கடிகாரத்திற்கும் இடைப்பட்ட தூரம் கிடைக்கும். மூன்று செய்மதிகளின் தூரம் தெரிந்தால் இடம் தெரியவேண்டும்; ஆயினும் கையிலுள்ள கடிகாரம் அணுக்கடிகாரமன்று. அதன் நேரப் பிழையையும் அறியவேண்டிய ஒரு கணியமாகக் கொள்வதால், குறைந்தது நான்கு செய்மதிகள் தேவைப்படுகின்றன.

ஒளி ஒரு செக்கனில் ஏறக்குறைய மூன்று இலட்சம் கிலோமீற்றர் செல்வது. ஆதலால் நேரத்தில் ஒரு செக்கனின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு பிழைத்தால் தூரத்தில் 300 மீற்றர் பிழைக்கும். ஐன்ஸ்டைனின் சார்புக் கொள்கைப்படி, செய்மதியிலுள்ள கடிகாரம் பூமியிலுள்ள கடிகாரத்திலும் நாளொன்றுக்கு அத்தகைய 38 பங்குகள் விரைந்தோடும். அதற்கெனத் திருத்தம் செய்யாது விடின், ஒரே நாளில் 11 கிலோமீற்றரளவான வேறுபாடு விளையும். அறிஞர் சிலரே பயிலும் அரிய கொள்கையென ஒரு காலத்தில் எண்ணப்பட்டது, இன்று கடற்கரையில் ஓடும் சிறுவனின் மணிக்கட்டிற் பயன்படுகின்றது.

பொதுமக்களுக்குரிய அலையில் வேண்டுமென்றே புகுத்தப்பட்டிருந்த பிழையை அமெரிக்கா 2000ஆம் ஆண்டு மே மாதம் நீக்கியது. அதற்கு முன் நூறு மீற்றர் வரை பிறழ்ந்த இடக்கணிப்பு, பின்னர் பத்து மீற்றருக்குள் வந்தது. 2003ஆம் ஆண்டு கார்மின் நிறுவனம் ஓடுவோர்க்கென மணிக்கட்டில் அணியும் கருவியை வெளியிட்டது. இன்றைய கடிகாரங்கள் அமெரிக்கச் செய்மதிகளோடு உருசியாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ ஆகியவற்றையும் துணைக்கொள்கின்றன. இந்தியாவின் நாவிக் முறைமையின் எல்லைக்குள்ளும் இலங்கை அமைந்துள்ளது.

இனி வழுக்களை நோக்குதல் தகும். அவற்றை மெல்ல மாறும் வழு, விரைந்து மாறும் வழு என இருவகைப்படுத்தலாம். இப்பாகுபாடே இப்பொருளின் திறவுகோலாகும்.

மெல்ல மாறும் வழுக்களுள் தலையாயது அயன்மண்டலத்தால் விளைவது. சூரிய ஒளியால் மின்னேற்றம் பெற்ற அவ்வுயர் வளிப் படலத்தினூடு செல்லும் வானொலி அலை தாமதமுறுகின்றது. தாமதத்தின் பயனாகத் தூரக் கணிப்புச் சில மீற்றர் முதல் சில பத்து மீற்றர் வரை பிழைக்கும். உப்புவெளி இவ்வகையிற் கவனத்திற்குரிய இடமாகும். பூமியின் காந்த நடுக்கோடு இலங்கையையும் இந்தியாவின் தென்கோடியையும் ஒட்டிச் செல்கின்றது. கேரளத்துத் தும்பாவில் ஏவுதளம் அமைத்து 1963ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் நாள் முதல் உந்துகணையை இந்திய விஞ்ஞானிகள் ஏவியதும், அவ்விடம் காந்த நடுக்கோட்டின்மேல் அமைந்திருந்த காரணம் பற்றியே. காந்த நடுக்கோட்டை அடுத்த வானில் மின்னேற்றம் மிகுதி. சூரியன் மறைந்த பின்னர் அப்படலத்திற் குமிழிகள் போன்ற வெற்றிடங்கள் எழுந்து அலைகளைத் துடிக்கச் செய்தலும் உண்டு. சூரியனிற் கரும்புள்ளிகள் பெருகும் ஆண்டுகளில் இந்நிகழ்ச்சிகள் வலுக்கும். 2024ஆம் ஆண்டு அத்தகையது.

இத்தாமதத்தைக் குறைத்தற்கெனச் செய்மதியே ஒரு பொதுத் திருத்தத்தை ஒலிபரப்புகின்றது; ஆயின் அது ஏறக்குறையப் பாதி வழுவையே நீக்கவல்லது. சிறந்த வழி, ஒரே செய்மதியிலிருந்து இரு வேறு மீடிறன்களில் அலைகளைப் பெறுதலாம். மீடிறன் குறையக் குறையத் தாமதம் கூடுமாதலால், 1176.45 மெகாஹேட்ஸ் அலை 1575.42 மெகாஹேட்ஸ் அலையைப்போல ஏறக்குறைய 1.8 மடங்கு தாமதமுறும். இரண்டும் வந்துசேரும் நேர வேறுபாட்டிலிருந்து தாமதத்தையே கணித்து விலக்கிவிடலாம். 2021ஆம் ஆண்டு தொடங்கி இத்தகைய இருமீடிறன் கடிகாரங்கள் ஓடுவோரிடையே பரவலாயின.

எனினும் ஒன்று கருதத்தக்கது. அயன்மண்டல வழு ஒரு செக்கனுக்கும் அடுத்த செக்கனுக்கும் இடையில் மாறிவிடுவதன்று. அது பாதை முழுவதையும் ஒருபுறமாக நகர்த்திவிடும். உப்புவெளி மணலில் ஓடியவன் கடலின்மேல் ஓடியதாகப் படத்திற் கோடு விழலாம். ஆயினும் அக்கோட்டின் வடிவமும் நீளமும் பெரும்பாலும் மாறா. ஒரு கயிற்றை மேசையின் ஓரத்திலிருந்து நடுவிற்கு நகர்த்தி வைத்தால் அதன் நீளம் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. இடம் தவறினும் தூரம் சரியாகலாம் என்பது இதனாற் பெறப்படும்.

விரைந்து மாறும் வழுவோ இதற்கு மாறான இயல்புடையது. செய்மதியின் அலை பூமியை அடையும்பொழுது மிக நலிந்துவிடுகின்றது. வாங்கி பெறும் வலு ஓர் உவாற்றின் நூறு கோடி கோடியில் ஒரு பங்கு அளவினதேயாம். அந்நலிந்த அலையை இலைச் செறிவு உறிஞ்சும்; நீர் நிறைந்த மனித உடலும் மறைக்கும். மதில், பாறை, வாகனம் முதலியவற்றிற் பட்டுத் தெறித்த அலை, நேரே வந்த அலையினும் நீண்ட வழி சென்று பிந்தி வந்து கடிகாரத்தை மயக்கும். ஓடுபவன் ஓரடி பெயர்ந்தால் தெறிப்பின் வழியும் மாறும். கையை வீசினால் மறைப்பும் மாறும். ஆதலின் இவ்வழு செக்கனுக்குச் செக்கன் திசை மாறித் தாவுகின்றது. உப்புவெளிக் கடற்கரையிற் கிழக்கே கடல்வரை வானம் திறந்திருத்தலால் இவ்வழு சிறிதாகும். பிரெடரிக் கோட்டையின் மரநிழலினூடு கோணேசர் ஆலயம் நோக்கி ஏறும் வழியில், மரமும் மதிலும் பாறையும் ஒருங்கு சேர்தலால் அது பெரிதாகும்.

இத்தாவல் தூரத்தை எவ்வாறு பாதிக்கும் என்பதைப் பைதகரசின் தேற்றங் கொண்டு காட்டலாம். ஒருவன் நேர்கோட்டில் செக்கனுக்கு 3 மீற்றர் வீதம் ஓடுகின்றான் என்க. கடிகாரம் செக்கனுக்கு ஒருமுறை அவனிடத்தைக் குறிக்கின்றது. குறித்த புள்ளிகள் யாவும் கோட்டிற்கு ஒரு மீற்றர் இடப்புறமாகவே அமையின், தூரத்திற் பிழை எதுவுமில்லை. ஆயின் ஒரு புள்ளி ஒரு மீற்றர் இடமாகவும் அடுத்தது ஒரு மீற்றர் வலமாகவும் மாறிமாறி அமையின், ஒவ்வொரு துண்டும் 3 மீற்றர் நீளமும் 2 மீற்றர் அகலமுமுடைய செவ்வகத்தின் மூலைவிட்டமாகி, 3.61 மீற்றர் ஆகிவிடும். ஒரு கிலோமீற்றர் ஓடியவனுக்குக் கடிகாரம் 1.2 கிலோமீற்றர் என்று கூறும். இரண்டிலும் இடவழு ஒரே மீற்றர்தான். தூரவழு ஒன்றிற் சூனியம், மற்றொன்றில் நூற்றுக்கு இருபது.

பிறழ்வு ஒரு மீற்றராகாது கால் மீற்றராகவே இருப்பினும் துண்டு 3.04 மீற்றராகும்; அதாவது நூற்றுக்கு 1.4 வீதம் மிகும். தொடக்கத்திற் கூறிய 10.14 கிலோமீற்றர் இவ்வாறு தோன்றக்கூடியதே. வலப்புறத் தாவலும் இடப்புறத் தாவலும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும் என்று கருதுதல் பொருந்தாது. வலம் சென்றாலும் இடம் சென்றாலும் கோடு நீளுகின்றதேயன்றிக் குறுகுவதில்லை. பீற்றர் றனாக்கர் என்பாரும் அவருடன் ஆய்ந்தோரும் 2016ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையில், இடத்தில் எழுச்சியாக நேரும் பிழைகள் தூரத்தைச் சராசரியாக மிகைப்படுத்தும் என்பதைக் கணித வாயிலாக நிறுவியுள்ளனர்.

இக்கணக்கிலிருந்து எதிர்பாராத முடிபொன்றும் பிறக்கின்றது. மெல்லச் செல்பவனுக்கே இவ்வழு மிகுதி. அதே கால் மீற்றர்ப் பிறழ்வுடன் செக்கனுக்கு ஒன்றரை மீற்றர் வீதம் நடப்பவனின் தூரம் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் மிகும். செக்கனுக்கு 6 மீற்றர் வீதம் சைக்கிளிற் செல்பவனுக்கு அது நூற்றுக்கு அரைக்கும் குறைவே. ஆகவே, 5 கிலோமீற்றர்ப் பாதையொன்றை வகுக்கக் கடிகாரம் அணிந்து பொறுமையாக நடந்து சென்றவர், தாம் மிகக் கவனமாக அளந்ததாக எண்ணிக்கொண்டே, 250 மீற்றர் குறைவான பாதையை வகுத்துவிடக்கூடும்.

கடிகாரம் செய்வோர் இதனை அறியாதவரல்லர். தாவும் புள்ளிகளைச் சராசரிப்படுத்தி ஒழுங்கான கோடாக்கும் கணிப்பு முறைகளை அவர் அமைத்துள்ளனர். அலையின் மீடிறன் இயக்கத்தால் மாறுபடும் டொப்ளர் விளைவைக் கொண்டு வேகத்தை நேரே கணித்தலும் உண்டு. திறந்த வெளியில் இவ்வேகம் புள்ளிகளிலிருந்து பெறும் வேகத்தினும் நம்பத்தக்கது. ஆயின் ஒழுங்குபடுத்தலுக்கும் ஒரு விலையுண்டு. கோட்டை அளவுக்கு மிஞ்சி மழமழப்பாக்கினால் வளைவுகள் வெட்டுண்டு போகும். மின்கலத்தைச் சேமித்தற்கென ஐந்து செக்கனுக்கு ஒருமுறை மட்டும் இடங்குறித்தாலும் அதுவே நேரும். 400 மீற்றர் ஓடுதடத்தின் வளைவில் செக்கனுக்கு 5 மீற்றர் வீதம் ஓடுபவனின் 25 மீற்றர் வில்லுக்குப் பதிலாக 24.5 மீற்றர் நாணையே கடிகாரம் கணக்கிடும். ஒரு சுற்றில் நான்கு மீற்றருக்கு மேல் மறைந்துவிடும். இவ்வாறு நேர்வழியில் தூரத்தைக் கூட்டும் கருவியே வளைவழியிற் குறைக்கவுங் கூடும். இரண்டும் சமப்பட்டு விடை சரியாக அமைதல் தற்செயலேயன்றிச் செம்மையன்று.

உயரக் கணக்கு வேறொரு வியப்பைத் தருவது. செய்மதிகள் காட்டும் உயரம் கடல் மட்டத்திலிருந்து எழுவதன்று. பூமியை ஒழுங்கான நீள்வளையத் திண்மமாகக் கொண்டு கற்பனை செய்த பரப்பிலிருந்து கணிக்கப்படுவது. ஈர்ப்பு விசையின் வேறுபாட்டால் மெய்யான கடல் மட்டம் அப்பரப்பிற்கு மேலும் கீழுமாக அமைந்துள்ளது. உலகிலேயே மிகத் தாழ்ந்த இடம் இலங்கைக்குத் தெற்கே இந்து சமுத்திரத்தில் உள்ளது. அங்கே கடல் மட்டம் அக்கற்பனைப் பரப்பிலும் ஏறத்தாழ 106 மீற்றர் தாழ்ந்தது. பூமியின் உட்பகுதியில் நிகழ்ந்த பொருட் பெயர்ச்சியே இதன் காரணமென 2023ஆம் ஆண்டு பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழக ஆய்வாளர் விளக்கினர். இத்தாழ்வின் எல்லைக்குள் அகப்பட்ட உப்புவெளியில், திருத்தம் செய்யாத கருவியொன்று கடலலை நனைக்கும் மணலில் நிற்பவனை 90 மீற்றருக்கும் கீழே அமிழ்ந்தவனாகவே காட்டும். கடிகாரங்கள் இதற்குரிய அட்டவணையைத் தம்முட் கொண்டு திருத்திக்கொள்கின்றன.

சில கடிகாரங்கள் வளியமுக்கத்தை அளந்து உயரத்தை அறிகின்றன. அவற்றுக்கும் அயன மண்டலத்தில் ஒரு தடையுண்டு. இங்கே வளியமுக்கம் காலை பத்து மணியளவில் உயர்ந்து மாலை நான்கு மணியளவிற் தாழ்தல் நாள்தோறும் நிகழ்வது. அவ்வேறுபாடு ஏறக்குறைய மூன்று மில்லிபார். அது 25 மீற்றர் உயரத்திற்குச் சமமாதலால், மேசைமேல் வைத்த கடிகாரமும் அதற்குள் ஒரு சிறு குன்றேறியதாகக் கூறக்கூடும்.

இவற்றையெல்லாம் அறிந்தமையாற் போலும், வீதியோட்டப் பாதைகளை அளத்தற்கு உலக மெய்வல்லுநர் சம்மேளனம் செய்மதிக் கருவியை ஏற்காது சைக்கிளையே கொண்டுள்ளது. உருக்கு நாடாவால் அளந்த நேரான துண்டொன்றிற் சைக்கிளைச் செலுத்தி, அத்தூரத்திற்குச் சக்கரம் எத்தனை முறை சுழல்கின்றது என்பதை முன்சக்கரத்தில் பூட்டிய எண்கருவியால் அறிந்துகொள்வர். பின்னர் ஓடுவோர் செல்லக்கூடிய மிகக் குறுகிய வழியே பாதை முழுவதும் செலுத்துவர். வெயிலால் சக்கரத்திற் காற்று விரிவதைக் கருதி, அளந்து முடித்தபின் மீண்டும் அதே துண்டிற் சரிபார்ப்பர். பாதை குறைந்துவிடாதிருத்தற்கு ஒரு கிலோமீற்றருக்கு ஒரு மீற்றர் வீதம் கூட்டியும் வைப்பர். 42.195 கிலோமீற்றர் மரதனில் இக்காப்பு 42 மீற்றர் அளவினது. நூற்றுக்கு 1.4 வீதம் மிகைப்படுத்தும் கடிகாரத்தால் அதே பாதையை வகுத்தால், ஏறக்குறைய 580 மீற்றர் குறைந்துபோகும்.

செம்மையாக அளந்த பாதையிலும் ஓட்டவீரனின் கடிகாரம் சற்று மிகையாகக் காட்டுவது இயல்பு. வளைவுதோறும் மிகக் குறுகிய வழியைப் பற்றிச் செல்லுதல் கூட்டத்தினிடையே ஓடுபவனுக்கு இயலாது. அவன் மெய்யாகவே கூடுதலாக ஓடியிருப்பான். அதுகொண்டு பாதை பிழையென்று நடுவரோடு வாதிடுதல் முறையாகாது.

இவ்வாற்றாற் கடிகாரம் பயனற்றதென்று கொள்ளுதல் தவறாகும். திறந்த கடற்கரையில், ஒரே வழியில், ஒரே கடிகாரத்துடன் நாள்தோறும் ஓடுபவன் நேற்றைய ஓட்டத்தையும் இன்றைய ஓட்டத்தையும் ஒப்பிட அது நல்ல துணை. ஓட்டந் தொடங்குமுன் சிறிது நேரம் திறந்தவெளியில் நின்று செய்மதிகளைப் பற்றிக்கொள்ள விடுதலும், இடங்குறிக்கும் இடைவெளியை ஒரு செக்கனாக வைத்தலும் அதன் நம்பகத்தைக் கூட்டும். ஆயின் ஒருவனது கடிகாரத்தை மற்றொருவனது கடிகாரத்தோடு ஒப்பிட்டு வெற்றி தோல்வி கூறுதற்கும், பலர் ஓடும் பாதையை வகுத்தற்கும் அது உரியதன்று. அங்கே நடுநிலை வேண்டப்படுகின்றது. நடுநிலைக்கு ஒரே அளவுகோல் வேண்டும். பாடசாலைக் களஞ்சியத்திலுள்ள உருக்கு நாடாவும், மாணவர் இருவரும், ஒரு சைக்கிளும், ஒரு காலைப்பொழுதும் இருப்பின் அவ்வளவுகோல் கிடைத்துவிடும். விண்ணிலிருந்து வரும் அலை ஓடுபவனுக்கு இடத்தைச் சொல்லட்டும். போட்டிக்குரிய தூரத்தை நிலத்தில் உருளும் சக்கரமே சொல்லுதல் வேண்டும்.